மிசைல் போய்ச் சேரும்வரை நாம் எங்கே நிற்பது?

மொட்டைமாடி விமானி:

கணினியில் போர் விமானம் ஓட்டும் நம் டிசிஎஸ் விளையாட்டைப் பற்றி போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார்: "டிசிஎஸ்-ல முதல் தாக்குதல் ஹெலிகாப்டர் வாங்கப்போறேன். எதோட டாங்கி எதிர்ப்பு மிசைல் நல்லது?" ஆளாளுக்கு தூரக் கணக்கை எடுத்து வைத்தார்கள். கசெலின் ஹாட்-3 நாலு கிலோமீட்டர் சொச்சம், ஹைண்டின் ஷ்டுர்ம் 5, கா-50-ன் விக்ரும் அப்பாச்சியின் ஹெல்ஃபயரும் 8. கணக்கில் தப்பில்லை. அந்தக் கணக்கை நம்பி நான் செத்த கதையைச் சொல்கிறேன், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

நான் ஆரம்பித்தது கா-50-ல், 2008-ல் வந்த பிளாக் ஷார்க். ஒற்றை ஆள் ஹெலிகாப்டர். ஓட்டுவது, தேடுவது, சுடுவது எல்லாம் ஒருத்தன் தலையில். காகசஸ் மேப்பில் கோரி ஊருக்கு மேற்கே ஒரு முகட்டுக்குப் பின்னால் ஆட்டோ ஹோவரில், அதாவது தானாகவே அந்தரத்தில் நிற்கவிட்டு, மெதுவாகத் தலையை மட்டும் தூக்கினேன். ஷ்க்வால் என்ற குறிபார்க்கும் கேமராவின் திரையில் 8 கிலோமீட்டரில் ஒரு பொட்டு. டி-72 டாங்கி மாதிரிதான் தெரிந்தது. லேசரால் தூரம் அளந்து, திரையிலுள்ள குறிச் சட்டத்தைப் பொட்டின் அளவுக்குச் சுருக்கி, லாக் போட்டு விக்ரை விட்டேன்.

விக்ர் லேசர் கதிருக்குள்ளேயே ஊர்ந்து போகிற மிசைல். மூக்கால் இலக்கைத் தேடாது. அதன் பின்பக்க உணரி நம்மைத் திரும்பிப் பார்த்தபடி, கதிரை விட்டு விலகாமல் தன்னைத் திருத்திக்கொண்டே போகும். ஆகவே அது மோதும்வரை ஷ்க்வால் அந்தப் பொட்டிலிருந்து கண்ணை எடுக்கக்கூடாது. வேகம் நொடிக்கு 600 மீட்டர் என்பார்கள், போகப்போக வேகம் செத்துவிடும். 8 கிலோமீட்டருக்கு இருபது நொடிக்கு மேலேயே ஆகும்.

எட்டாவது நொடியோ பத்தாவதோ, அந்தப் பொட்டிலிருந்து ஒரு புகைக்கோடு என்னைப் பார்த்துக் கிளம்பியது. டாங்கி எங்கே சுடும்? அது துங்குஸ்கா, விமான எதிர்ப்பு வண்டி. அதன் மிசைலும் 8 கிலோமீட்டர் எட்டும், உச்ச வேகமோ நொடிக்கு 900 மீட்டர். முகட்டுக்குக் கீழே இறங்கினால் என் விக்ர் கதிரை இழந்துவிடும். இறங்காவிட்டால் நான் போய்விடுவேன். முந்திச் சுட்டவன் நான்தானே என்ற தெம்பில் நின்றேன். போய்விட்டேன். பறந்ததைப் பதிவுசெய்து காட்டும் டாக்வியூவில் ஓட்டிப் பார்த்தால், நான் வெடித்த கணத்தில் என் விக்ருக்கு இன்னும் 900 மீட்டர் பாக்கி. கதிர் அறுந்ததும் அநாதையாக எங்கேயோ ஒரு வயலில் போய் விழுந்திருக்கிறது.

அன்றிலிருந்து எந்த மிசைலைப் பார்த்தாலும் எனக்கு ஒரே கேள்விதான்: இதைச் சுட்டபிறகு நான் எத்தனை நொடி அம்மணமாக நிற்க வேண்டும்?

2021-ல் எம்ஐ-24பி ஹைண்ட் வந்தபோது இந்தக் கேள்வி இன்னும் கடுமையானது. ஷ்டுர்ம் ரேடியோ கட்டளையில் போவது. முன்னால் உட்கார்ந்திருக்கும் பெட்ரோவிச், கணினியே இயக்கும் சுடுநர், குறுக்குக் கோட்டை இலக்கின் மேல் வைத்திருப்பார். நாம் மூக்கை அவருடைய பார்வை எல்லைக்குள் வைத்திருக்க வேண்டும். இதில் சங்கடம், ஹைண்டுக்கு ஹோவர் பிடிக்காது. பாரம் ஏற்றிய மாட்டுவண்டியை மேட்டில் நிறுத்தினால் எப்படி, அப்படி. அதனால் ஓடிக்கொண்டேதான் சுட வேண்டும். மணிக்கு 200 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 55 மீட்டர். 5 கிலோமீட்டருக்கு ஷ்டுர்ம் ஏறக்குறைய 14.5 நொடி எடுக்கும். அது போய்ச் சேருவதற்குள் நாம் 800 மீட்டர் உள்ளே போயிருப்போம். ஸ்ட்ரேலா-10 என்ற விமான எதிர்ப்பு மிசைல் வண்டியின் எல்லை 5 கிலோமீட்டர். அதாவது மிசைல் வெடிக்கும் சத்தத்துக்கு அது வாசல் திறந்து வரவேற்கும்.

இத்தனைக்கும் ஹைண்டில் நான் கா-50 அளவுக்குச் சாகவில்லை. நிற்க முடியாததே ஒருவகையில் நல்லதாகிவிட்டது. ஒரு ஷ்டுர்ம், உடனே திரும்பு, பள்ளத்தாக்கில் இறங்கு, அடுத்த பக்கத்திலிருந்து வா. கா-50-ல் "இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று" என்று அதே இடத்தில் நிற்கச் சொல்லும் ஆசை இதில் வருவதில்லை.

பனங்காட்டு நரி:

அண்ணே, நொடிக் கணக்கு சரி. ஆனா நிக்கிறது நாமதான்னு யார் சொன்னது?

நான் அப்பாச்சி. ஹெல்ஃபயர் கே மூக்கால தேடுற மிசைல், இலக்குல பட்டுத் திரும்புற லேசர் புள்ளியைப் பிடிக்கும். அந்தப் புள்ளியை நாமளேதான் வைக்கணும்னு இல்லை. 2024-ல கயோவாங்கிற வேவு ஹெலிகாப்டர் வந்ததுலேர்ந்து நானும் நண்பனும் ஜோடியாப் பறக்கிறோம். அவன் கயோவாவோட சுழலிக்கு மேல இருக்கிற அந்தக் கேமராப் பந்தை மட்டும் முகட்டுக்கு மேல நீட்டிப் பார்ப்பான். நான் மூணு கிலோமீட்டர் பின்னால, மலைக்குக் கீழ. லாக் இல்லாமலே விட்டா மிசைல் மலையைத் தாண்டி ஏறி, அந்தப் பக்கம் புள்ளியைத் தேடும். கடைசி சில நொடி அவன் லேசர் அடிச்சாப் போதும். சுட்டவன் முகத்தை எதிரி பார்க்கவே மாட்டான்.

முதல் நாள் மட்டும் கேவலமாப் போச்சு. ரெண்டு மிசைல் விட்டேன், ரெண்டும் காணாமப் போச்சு. "லேசர் போடுடா"ங்கிறேன், "போட்டுட்டுத்தான் இருக்கேன்"ங்கிறான். கால் மணி நேரம் சண்டை. கடைசில பார்த்தா அவன் லேசரோட குறியீட்டு எண் 1688, என் மிசைல் வேற எண்ணைத் தேடுது. நான்தான் முந்தின நாள் எதையோ நோண்டி மாத்தி வெச்சிருக்கேன். இப்பல்லாம் கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் எண்ணைச் சத்தமாச் சொல்லிக்கிறோம்.

ஹெல்ஃபயர்ல எல் வகை வந்தப்ப இனி யார் தயவும் வேண்டாம்னு நினைச்சேன். மூக்குலயே மில்லிமீட்டர் அலை ரேடார். தலைக்கு மேல கவிழ்த்த இட்லிச் சட்டி மாதிரி இருக்கிற ரேடாரை ஒரு சுத்து விட்டு, சுட்டு, கீழ இறங்கிடலாம். நிக்கிற நொடி பூஜ்யம்னே வெச்சுக்கங்க. நாலு விட்டேன், நாலும் அடிச்சுது. அதுல ரெண்டு நம்ம பக்கத்து பிராட்லி கவச வண்டி. சங்கிலி வண்டியா, சக்கர வண்டியான்னு ரேடார் சொல்லும். யாரோட வண்டின்னு அதுக்குத் தெரியாது. அன்னிக்கு சர்வர்ல வாங்கின திட்டை இங்க எழுத முடியாது. இப்பவும் முதல்ல கேமராவில ஒரு தடவை பார்த்துட்டுத்தான் எல்-ஐத் தொடுவேன். அதுக்கு நாலஞ்சு நொடி வெளிய நிக்கத்தான் வேணும்.

வடமராட்சியான்:

நான் கசெல் ஆள். ஹைண்டைப் பற்றிக் கேக்காதேங்கோ. 1995-இல இலங்கை விமானப்படைக்கு எம்ஐ-24 வந்தாப் பிறகு, ஹெலிச் சத்தம் கேட்டாலே பங்கருக்குள்ள ஓடின பெடியன் நான். விளையாட்டில ஹைண்ட் மொடியூல், அதாவது தனியா வாங்கிற ஹெலி, வந்த நேரம் பெடியள் எல்லாரும் வாங்கினாங்கள். பாதி விலையில போட்டும் நான் வாங்கேல்ல. ஒருக்கா சிநேகிதன் ஒருத்தன் பறந்து காட்டேக்க அந்தச் சத்தம் கேட்டு ஹெட்போனைக் கழட்டி வச்சிட்டன். அவனுக்கு ஏனெண்டு சொல்லேல்ல.

சரி, ஹாட்-3. உங்கட கணக்கில இதுதான் ஆகக் கடைசி. கட்டளை வயரில போகுது, நொடிக்கு 240 மீற்றர், நாலு கிலோமீற்றருக்கு 17 செக்கன். கொண்டு போறதும் நாலே நாலு. ஆனா கசெல் சின்னது, பார்க்கிற கண் கூரையில கிடக்கு. மரவரிசைக்குப் பின்னால பதுங்கி, கூரையை மட்டும் காட்டிக்கொண்டு நிக்கலாம். 17 செக்கன் நிண்டாலும் ஆருக்கும் தெரியாது.

நான் விட்ட பிழை என்னெண்டா, கண் கூரையில. குழாய் ரெண்டு பக்கமும் கீழ. கண்ணுக்கு வழி வெளிச்சுக் கிடக்கு எண்டு அமத்தினன். மிசைல் குழாயை விட்டு வெளிக்கிட்டு, முன்னால நிண்ட மரத்திலயே வெடிச்சுது. என்ர மிசைல், என்ர மரம், என்ர சாவு. எதிரிக்கு நான் அங்க நிண்டதே தெரியாது. இப்ப சுடேக்க மட்டும் ரெண்டு மீற்றர் கூட எழும்பிறனான்.

புதுசு:

கேள்வி கேட்டது நான்தான். படிச்சா பயமா இருக்கு. அப்போ எதை வாங்கட்டும்?

மொட்டைமாடி விமானி:

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள் தம்பி. மொடியூலுக்கு 14 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கக் கொடுக்கிறார்கள், காகசஸ் மேப்பும் இலவசம். முதலில் கா-50, அது முடிந்ததும் அப்பாச்சி. நரி, அந்த மரியாதைக்குரிய ரெண்டு பிராட்லியை நான் மறக்க மாட்டேன். வடமராட்சியார், நீங்கள் வரும் ராத்திரி நான் ஹைண்டை எடுக்க மாட்டேன்.

ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு மேப்பில் கோபுலெட்டி விமானத் தளத்தில் நிற்கிறேன். துங்குஸ்கா ஒன்றை வைத்திருப்பேன், எங்கே என்று சொல்ல மாட்டேன்.