கோல்டன்டூடுல் வாங்கலாமா? தும்மல் வராது என்கிறார்கள்

தும்மல்வீடு (மெல்பர்ன்):
நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். மகளுக்கு ஒன்பது வயது, மூன்று வருடமாக நாய் கேட்கிறாள். மனைவிக்கு நாய் ஒத்துக்கொள்ளாது. தெரிந்தவர் வீட்டு லாப்ரடார் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்தாலே கண் சிவந்து தும்ம ஆரம்பித்துவிடுவாள். இங்கே ஒரு ப்ரீடர் கோல்டன்டூடுல் குட்டிகள் வைத்திருக்கிறார். கோல்டன் ரிட்ரீவரும் பூடிலும் சேர்ந்த கலப்பு. முடி கொட்டாது, அலர்ஜி வராது, கோல்டனின் குணம், பூடிலின் மூளை என்கிறார். அவர் சொல்லும் விலைக்குப் பழைய கார் ஒன்று வாங்கிவிடலாம். நம்பலாமா?

கத்தரிக்கோல் (டொராண்டோ):
நாய்களுக்கு முடி வெட்டுவதுதான் பதினோரு வருடமாக என் பிழைப்பு. "முடி கொட்டாது" என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? உதிர்ந்த முடி தரைக்கு வராமல் நாயின் மேலேயே சுருளுக்குள் மாட்டிக்கொள்ளும். சீவி எடுக்காவிட்டால் சிக்கு. அதிலும் எட்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும் காலம் இருக்கிறதே, அப்போதுதான் என்னிடம் அழுதுகொண்டே வருவார்கள். "தினமும் பிரஷ் போடுகிறோமே!" போடுகிறார்கள்தான், மேலாக. காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் சீப்பை வைத்தால் தோல்வரை இறங்காது. அந்தச் சிக்கோடு குளிப்பாட்டியும் விடுவார்கள், கம்பளி மாதிரி இறுகிவிடும். அப்புறம் மொட்டை அடிப்பதைத் தவிர வழியில்லை.

நாயின் மேல் எனக்குக் கோபமில்லை. சொல்லாமல் விற்கிறவர்கள் மேல்தான்.

சுருள்முடி (நியூஜெர்சி):
அக்கா, மொட்டை அடிக்க வருகிற நாய்களைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். எங்கள் வீட்டில் ஆறு வருடமாக ஒரு கோல்டன்டூடுல் இருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் இரும்புச் சீப்பு, ஆறு வாரத்துக்கு ஒருமுறை முடிவெட்டு. ஒரு பிரச்சினையும் இல்லை. சோபாவில் ஒரு முடி பார்க்க முடியாது. என் மாமியாருக்கு நாய் என்றாலே மூச்சு இழுக்கும், அவர் எங்களோடு நான்கு மாதம் இருந்துவிட்டுப் போனார்.

பழையபூடில் (சிங்கப்பூர்):
உங்கள் மாமியாருக்கு ஒத்துக்கொண்டது அந்த ஒரு நாய். அதை வைத்து எல்லா டூடுலும், அதாவது எல்லாப் பூடில் கலப்பும், அப்படித்தான் என்று சொல்ல முடியாது, தம்பி.

மெல்பர்ன்காரருக்கு உங்கள் ஊர்க் கதையே போதும். லாப்ரடாரும் பூடிலும் சேர்ந்த லாப்ரடூடுல் உருவானது உங்கள் விக்டோரியா மாநிலத்தில்தான். 1980களின் கடைசியில், அங்குள்ள வழிகாட்டி நாய்ச் சங்கத்தில் வாலி கான்ரன் என்பவர் இருந்தார். ஹவாயில் பார்வையற்ற ஒரு பெண்மணிக்கு நாய் தேவை, கணவருக்கோ அலர்ஜி. கான்ரன் 33 பூடில்களைச் சோதித்தார், வழிகாட்டும் வேலைக்கு ஒன்றும் தேறவில்லை. பிறகு பூடிலை லாப்ரடாரோடு சேர்த்தார். மூன்று குட்டிகள். முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிப் பார்த்ததில் ஒத்துக்கொண்டது ஒன்று மட்டுமே. சுல்தான் என்று பெயர். ஆக, முதல் ஈற்றிலேயே மூன்றில் ஒன்று! 2019இல் அவரே, இதை ஆரம்பித்ததுதான் தன் வாழ்நாள் வருத்தம் என்று ஆஸ்திரேலிய வானொலியில் சொன்னார்.

அலர்ஜிக்குக் காரணம் முடி இல்லை. எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கும் புரதம். முடி கொட்டாத நாய்க்கும் நாக்கு உண்டு.

சுருள்முடி:
ஐயா, கான்ரன் வருந்தியது கண்டபடி இனம் சேர்த்து விற்பவர்களைப் பார்த்து. நாயைப் பார்த்து இல்லை. கலப்பு என்றால் ஏன் இந்த முகச்சுளிப்பு? கோல்டன் ரிட்ரீவர் மட்டும் வானத்திலிருந்தா குதித்தது? 1868இல் ஸ்காட்லாந்தில் ட்வீட்மவுத் பிரபு ஒரு மஞ்சள் ரிட்ரீவரையும் ட்வீட் நீர் ஸ்பேனியலையும் சேர்த்து ஆரம்பித்ததுதானே? அன்றைக்கு அதுவும் கலப்புதான்.

பழையபூடில்:
சரி, நல்ல கேள்வி. ஆனால் அவர் ஒரு ஈற்றோடு நிறுத்தவில்லை. இருபது வருடத்துக்கு மேல் குறிப்பேடு எழுதி, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தார்கள். இங்கே ஒரு கோல்டன், ஒரு பூடில், ஒரு இணையப் பக்கம். அவ்வளவுதான்.

இன்னொன்று. பூடில் என்றதும் பொம்மை நாய் என்று நினைக்கிறார்கள். அதுவும் தண்ணீரில் விழுந்த வாத்தை எடுத்துவரும் வேட்டை நாய்தான். அங்கங்கே மட்டும் முடியை விட்டு வெட்டும் அந்தக் கோமாளி முடிவெட்டுகூட நீந்தும்போது மூட்டும் நெஞ்சும் குளிராமல் இருக்க வந்தது என்பார்கள். இரண்டு வேட்டை நாய்களைச் சேர்த்துவிட்டு, "சும்மா மடியில் கிடக்கும்" என்று விற்றால் எப்படி? தினமும் ஒரு மணி நேரம் ஓடவிடாவிட்டால் செருப்பெல்லாம் காலி.

தும்மல்வீடு:
ப்ரீடர் "எஃப்1பி" என்கிறார். அது என்ன?

கத்தரிக்கோல்:
எஃப்1 என்றால் பாதி பூடில், பாதி ரிட்ரீவர். அதை மறுபடி பூடிலோடு சேர்த்தால் எஃப்1பி, முக்கால் பங்கு பூடில். எஃப்1ஐ எஃப்1ஓடு சேர்த்தால் எஃப்2. இதில்தான் சீட்டுக்குலுக்கல். முகத்தில் மீசையும் புருவமும் வளரச் செய்கிற ஒரு மரபணு உண்டு. பூடிலிடமிருந்து ஒரு பிரதி வந்தாலே போதும், மீசை வந்துவிடும், முடி கொட்டுவதும் குறையும். எஃப்2இல் சராசரியாக நான்கில் ஒன்றுக்கு அந்தப் பிரதி கிடைக்காது. முகம் வழவழவென்று கோல்டன் மாதிரி, உதிர்வதும் கோல்டன் மாதிரி. எஃப்1பியில் அந்தப் பயம் இல்லை. ஆனால் சுருள் கூடும், சிக்கும் கூடும்.

சுருள்முடி:
கலப்புக்கு நோய் குறைவு என்பதையும் சொல்லுங்கள்.

கத்தரிக்கோல்:
அதைத்தான் சொல்லமாட்டேன். இடுப்பு மூட்டுக் கோளாறு கோல்டனுக்கும் உண்டு, பெரிய பூடிலுக்கும் உண்டு. பார்வையைப் படிப்படியாகப் பறிக்கும் விழித்திரை நோயும் இரண்டு பக்கமும் இருக்கிறது. இரண்டு வீட்டிலும் சர்க்கரை இருந்தால் பிள்ளைக்கு வராது என்று எந்த ஜோசியர் சொல்வார்?

2024இல் பிரிட்டன் ராயல் கால்நடைக் கல்லூரி ஓர் ஆய்வு வெளியிட்டது. காக்கபூ (காக்கர் ஸ்பேனியலும் பூடிலும்), லாப்ரடூடுல், கவபூ (கவலியர் ஸ்பேனியலும் பூடிலும்) மூன்றையும் அவற்றின் மூல இனங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 86.6% ஒப்பீடுகளில் வித்தியாசமே இல்லை.

சுருள்முடி:
அப்படியென்றால் மோசமும் இல்லை என்றுதானே அர்த்தம்!

பழையபூடில்:
கோல்டன்டூடுல் அந்த மூன்றில் இல்லவே இல்லை. இரண்டு பேரும் விடுங்கள்.

தும்மல்வீடு, ப்ரீடரிடம் இரண்டு கேளுங்கள். தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரே முடிவு, கண் மரபணுச் சோதனை முடிவு. காகிதமாக. அப்புறம் மனைவியைக் கூட்டிப்போய் ஒரு மணி நேரம் உட்காரவையுங்கள். குட்டியோடு மட்டும் இல்லை, தாயோடும்.

தும்மல்வீடு (ஒரு வாரம் கழித்து):
போய்வந்தோம். எக்ஸ்ரே கேட்டதற்கு "தாய் தகப்பன் இரண்டும் ஆரோக்கியம்தான், போட்டோ அனுப்பட்டுமா?" என்றார். குட்டி முக்கால் மணி நேரம் மனைவி மடியில் தூங்கியது. ஒரு தும்மல் இல்லை. கிளம்பும்போது தாய் நாய் வந்து கையை நக்கியது. கார் வீட்டுக்கு வருவதற்குள் மணிக்கட்டு தடித்துவிட்டது.

கத்தரிக்கோல்:
தாய் எது, பூடிலா?

தும்மல்வீடு:
இல்லை, எஃப்1. தகப்பன்தான் பூடில்.

சுருள்முடி:
அப்போ குட்டியில் இன்னும் கொஞ்சம் பூடில் கூடுதல்தானே, ஒத்துக்கொள்ளலாம்...

பழையபூடில்:
தம்பி!

தும்மல்வீடு:
வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்தாயிற்று. மகள்தான் வருகிற வழியிலேயே குட்டிக்குப் பெயர் வைத்துவிட்டாள். இதற்கு எந்தச் சீப்பு என்று யாராவது சொல்லுங்கள்.