டெம்ப் டிராக்: ‘தற்காலிக இசை’யா, ‘இரவல் இசை’யா?

> டெம்ப் டிராக் என்பதற்குத் ‘தற்காலிக இசைத்தடம்’ போதுமே. நேர்ப்பொருள் வந்துவிடுகிறது.

ஐயா, நேர்ப்பொருள் வருகிறது, சரி. திரைப்படத் தொகுப்பறையில் நடக்கும் காரியம் வரவில்லையே. படம் இசையமைப்பாளர் கைக்குப் போகுமுன்பே இயக்குநரோ தொகுப்பாளரோ வேறொரு படத்தின் பின்னணி இசையையோ பழைய இசைத்தட்டையோ எடுத்துக் காட்சிக்கு அடியில் போட்டுக்கொள்வார்கள். எங்கே வெட்டுவது என்று பார்க்க உதவும், தயாரிப்பாளருக்குப் போட்டுக்காட்டவும் ஆகும். அடுத்தவர் பொருள், வேலை முடிந்ததும் திருப்பிவிட வேண்டியது. அதனால்தான் ‘இரவல் இசை’ என்கிறேன். இசையமைப்பாளரே சின்தசைசரில் வாசித்துத் தரும் மாதிரியும் தற்காலிகம்தான்; இரண்டையும் பிரித்துக்காட்ட வேண்டாமா?

இரவலைத் திருப்பித் தராதவர்களும் உண்டு. 1968இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்துக்கு இசையமைப்பாளர் அலெக்ஸ் நார்த் இசை எழுதிப் பதிவும் செய்தார். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் அதை ஒதுக்கிவிட்டு, ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், யோஹான் ஸ்ட்ராஸ், லிகெட்டி என்று ஏற்கெனவே இருந்த இசையையே படத்தில் வைத்துக்கொண்டார். நார்த்தின் இசை 1993இல்தான், ஜெர்ரி கோல்ட்ஸ்மித் நடத்திய புதிய பதிவாக, வெளியே வந்தது.

இப்படி இரவலிலேயே மனம் ஒட்டிக்கொள்வதை அந்தத் தொழிலில் ‘டெம்ப் லவ்’ என்பார்கள். ‘இரவல் மோகம்’ என்று சொல்லிப் பாருங்கள், உட்கார்ந்துகொள்கிறது. ‘தற்காலிக மோகம்’ என்றால் கதையே வேறு!

> இரவல் என்றால் கேட்டு வாங்குவது. இவர்கள் யாரைக் கேட்கிறார்கள்?

நியாயமான கேள்விதான். தொகுப்பறைக்குள் ஓடும்வரை பெரும்பாலும் கேட்பதில்லை; படத்திலேயே வைத்துக்கொள்வதென்றால்தான் உரிமை வாங்கப் போவார்கள். அதற்காகக் ‘களவு இசை’ என்று பேர் வைத்தால் எந்தத் தொகுப்பாளர் வாயில் வரும்?

அப்புறம் கிளிக் டிராக். ‘தாளத்தடம்’ வேண்டாம், தபேலா, டிரம்ஸ் பதிகிற தடத்தோடு குழம்பும். இது வாசிப்பவர் காதில் மட்டும் விழும் டிக் டிக். நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) ஓடும் படத்தில் நிமிடத்துக்கு 120 தாள அடி வேகம் என்றால் 12 சட்டகத்துக்கு ஒரு டிக். படத்தில் கதவு அறையும் சட்டகத்தில் இசையும் அறைய வேண்டுமென்றால் இந்தக் கணக்குதான் துணை. கணினிக்காரர்கள் சொடுக்கை முன்பே எடுத்துக்கொண்டாலும், ‘சொடுக்குத்தடம்’ எனக்குச் சரியாகப் படுகிறது.

படத்தை ஓடவிட்டு எங்கே இசை தொடங்கும், எங்கே நிற்கும் என்று இயக்குநரும் இசையமைப்பாளரும் முடிவுசெய்யும் ஸ்பாட்டிங்குக்கு ‘இடங்குறிப்பு’ என்று யோசித்தேன். ரயில்வே வாடை அடிக்கிறது. வேறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.