லவர்ஸ் ராக் தட்டுகள்: 7 இஞ்சா, 12 இஞ்சா?

ஊசிமுனை:
லவர்ஸ் ராக் (லண்டனில் உருவான காதல் பாட்டு வகை ரெகே; ரெகே ஜமைக்கா இசை) இசைத்தட்டுகளைச் சேர்க்க ஆரம்பிக்கிறவங்க 7 இஞ்ச் பக்கமே போகாதீங்க, நேரா 12 இஞ்ச் வாங்குங்க. இரண்டும் 45 ஆர்பிஎம்-தான் (நிமிஷத்துக்கு 45 சுத்து). ஆனா ஊசிக்கு அடியில் பள்ளம் ஓடுற வேகம் வேற. 7 இஞ்சில் தொடக்கத்தில் நொடிக்கு ஏறத்தாழ 39 செ.மீ., முடிவில் 25-தான். 12 இஞ்ச் 69-ல் தொடங்குது. வேகம் குறையக் குறைய உச்ச ஒலிகள் நெருக்கியடிச்சுப் பதியும், ஊசி தடுமாறும். ஜேனட் கே 1979-ல் பாடின 'சில்லி கேம்ஸ்'-இன் அந்த உச்ச ஸ்வரம் கடைசிப் பல்லவியில் வரும்போது 7 இஞ்ச் தட்டில் ஊசி நடுக் காகித லேபிளின் ஓரத்தை நெருங்கியிருக்கும். அந்தப் பாட்டே அந்த ஸ்வரத்துக்காகத்தான். அது கரகரத்தா மிச்சம் என்ன?

சிங்கிள்பெட்டி:
ஊசிமுனை அண்ணே, 12 இஞ்ச் மட்டும்னா கதையைப் பாதியில் இருந்து படிக்கிறீங்க. லூயிசா மார்க்கின் 'காட் யூ இன் எ லை' 1975, சஃபாரி லேபிள் (வெளியீட்டு நிறுவனம்), லாயிட் காக்ஸோன் தயாரிப்பு. இந்த வகையே அதிலேர்ந்துதான் தொடங்குதுன்னு பலரும் சொல்றது. அது 7 இஞ்ச். தென்கிழக்கு லண்டன் பிராக்லியில் டென்னிஸ் ஹாரிஸ் 'லவர்ஸ் ராக்'னே பேர் வச்சு நடத்தின லேபிள், அதில் 1977-ல் வந்த பிரவுன் ஷுகர் (பின்னாடி சோல் டூ சோல் இசைக்குழுவில் பாடின கேரன் வீலர் இருந்த குழு), அதுவும் 7 இஞ்ச். 12 இஞ்ச் டிஸ்கோமிக்ஸ் (பாட்டும், குரலைக் குறைச்சு எதிரொலி கூட்டின அதன் 'டப்' வடிவமும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வர்ற தட்டு) பரவினது அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான்.

பள்ள இடைவெளியையும் கணக்குப் போடுவோம், பேஸ் (தாழ் ஒலி) பள்ளத்தை அகலமா ஆட்டும், அதுக்கு இடம் வேணும். 3 நிமிஷப் பாட்டு 135 சுத்து. 7 இஞ்சில் பள்ளம் வெட்ட 30 மில்லிமீட்டர் அகலம் கிடைக்கும், சுத்துக்கு 0.22 மி.மீ. டப்போட சேர்த்து 7 நிமிஷம் ஓடுற 12 இஞ்ச் 315 சுத்து, அகலம் 86 மி.மீ., சுத்துக்கு 0.27. பேஸுக்கு இடம் கால் பங்குதான் கூட. ஏதோ ஆகாசத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி பேசுறாங்க.

ஊசிமுனை:
3 நிமிஷத்தை வச்சுக் கணக்குப் போட்டா அப்படித்தான் வரும் தம்பி. 4 நிமிஷம் ஏத்திப் பாருங்க: 180 சுத்து, 0.17 மி.மீ. அப்போ கட்டிங் இன்ஜினியருக்கு (தட்டில் பள்ளம் வெட்டுறவர்) இரண்டே வழி. பேஸைக் குறைக்கணும், இல்ல மொத்த சத்தத்தையும் இறக்கணும். ரெகேயில் பேஸைக் குறைக்கிறது சாம்பாரில் புளியைக் குறைக்கிற மாதிரி. இன்னொண்ணு: டிஸ்கோமிக்ஸில் பாட்டு முதல்ல, டப் பின்னாடி. உள்பக்கத்து மெதுவான பள்ளத்துக்குப் போறது டப். அங்கே குரல் பெரும்பாலும் துண்டு துண்டா எதிரொலிதான். பாட்டு முழுக்க வேகமான பகுதியிலேயே முடிஞ்சுடுது.

டப்தாசன்:
இரண்டு பேரும் தட்டின் நடு ஓட்டையை மறந்துட்டீங்க. அந்தக் காலத்து பிரிட்டிஷ் தட்டிலும் சரி, ஜமைக்கா தட்டிலும் சரி, ஓட்டை நடுவில் இல்லாதது சகஜம். அரை மில்லிமீட்டர் விலகினா, மையத்திலேர்ந்து 60 மி.மீ. தூரத்தில் சுருதி இரண்டு பக்கமும் 0.8 சதவீதம் ஆடும். அரைச் சுரத்தில் ஏழில் ஒரு பங்கு. சுத்துக்கு ஒரு தடவை, அதாவது 1.33 நொடிக்கு ஒரு தடவை. டிரம்ஸில் தெரியாது. நீட்டிப் பிடிக்கிற ஸ்வரத்தில் அப்பட்டமா தெரியும். அதே அரை மில்லி 12 இஞ்சின் வெளி ஓரத்தில் 0.35 சதவீதம்தான். கரகரப்புன்னு நினைச்சு ஊசியை மாத்துறவங்க முதல்ல டோன் ஆம் (ஊசியைத் தாங்குற கை) பக்கவாட்டில் ஆடுதான்னு பாருங்க. மொத்த ஆட்டம் 1 மி.மீ. இருந்தா விலகல் அரை மில்லி.

சிங்கிள்பெட்டி:
அதுக்கு மருந்து உண்டு, அதுவும் 7 இஞ்சுக்கு மட்டும். 38 மி.மீ. பெரிய ஓட்டை உள்ள தட்டுன்னா பிளாஸ்டிக் அடாப்டரில் (பெரிய ஓட்டையை நிரப்புற வட்டு) சரிபண்ணலாம். டோன் ஆம் வெளிப்பக்கம் அதிகமா ஒதுங்குற இடத்தில் கையால் தட்டை நிறுத்துங்க. ஊசியைத் தூக்கிட்டு, அடாப்டரில் ஊசிப் பக்கத்து ஓரத்தை உப்புத்தாளில் தேய்ங்க. எதிர்ப்பக்கம் செல்லோடேப் ஒட்டி இறுக்குங்க. தட்டு ஊசியை விட்டு விலகுற மாதிரி நகரணும், மொத்த ஆட்டத்தில் பாதி. திசை மாறினா ஆட்டம் இரட்டிப்பாகும். நிறைய பேர் கோட்டை விடுறது இங்கேதான். சின்ன ஓட்டைத் தட்டில் மட்டும் அரத்தை வைக்காதீங்க, தட்டின் விலை அன்னிக்கே பாதி.

ஊசிமுனை:
அடாப்டர் வித்தை சரி. தேய்மானத்துக்கு என்ன மருந்து? 'சில்லி கேம்ஸ்' பிரிட்டிஷ் பட்டியலில் 2-ஆம் இடம் வரை போன பாட்டு. 7 இஞ்ச் கிடைக்காத சரக்கு இல்லை, தேயாத 7 இஞ்ச்தான் கிடைக்காத சரக்கு. 2020-ல் இயக்குநர் ஸ்டீவ் மெக்வீனின் படத்தில் அந்தப் பாட்டு வந்ததுக்கு அப்புறம் 'அபூர்வம்'னு போட்டு விக்கிறவங்களை நம்பாதீங்க.

டப்தாசன்:
தேய்மானமா அழுக்கான்னு பிரிக்கத் தெரியணும். பாட்டில் சம்பந்தமே இல்லாத இடத்திலும் டிக் டிக்னு கேட்டா தூசி. குரல் உச்சத்துக்கு ஏறும்போது மட்டும், 'ஸ்' ஒலியில் மட்டும் கிழிஞ்சா பள்ளமே போச்சு, கழுவிப் பிரயோஜனம் இல்லை. தூசிக்கு: காய்ச்சி வடிச்ச தண்ணி 4 பங்கு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 1 பங்கு, பாத்திரம் கழுவுற திரவம் லிட்டருக்கு இரண்டு சொட்டு. கடைசியா வெறும் வடிச்ச தண்ணியில் அலசணும், இல்லேன்னா சோப்பு படிஞ்சு ஊசியில் ஒட்டும். காகித லேபிளில் ஈரம் படக்கூடாது. தேய்ஞ்ச தட்டுக்கு ஊசியை மாத்திப் பார்க்கலாம்: பழைய உருண்டை முனை தேய்ச்ச இடத்தைவிட்டு, மெல்லிய முனை சுவரில் வேற உயரத்தில் தொடும். சில தட்டு அதில் பிழைச்சுக்கும்.

சிங்கிள்பெட்டி:
அப்போ 77 வரைக்கும் 7 இஞ்ச்னு ஒத்துக்கிறீங்களா அண்ணே?

ஊசிமுனை:
77 வரைக்கும் வேற வழி இல்லையே. 79-க்கு நான் இறங்கி வர மாட்டேன். விக்கிறவர்கிட்ட கடைசிப் பல்லவியை மட்டும் ஒலிப்பதிவு பண்ணி அனுப்பச் சொல்லுங்க, 30 நொடி போதும். அனுப்பத் தயங்கினா வாங்காதீங்க.