வின்ஸ் கார்ட்டரோட கடைசி வருஷங்கள்: நம்ம சீனியர்களுக்குப் பாடமா, இல்லையா?

ஓசூர் பாயிண்ட்:
தர்மபுரி, கிருஷ்ணகிரி கூடைப்பந்து டோர்னமெண்ட்ல 35 வயசு தாண்டினவங்க இன்னும் முதல் அஞ்சுல எறங்கணும்னு அடம் பிடிக்கிறாங்க. அவங்க அமெரிக்க NBA லீக்ல ஆடின வின்ஸ் கார்ட்டரைப் பாக்கணும். 2000 டங்க் (எகிறிப் பந்தை வளையத்துக்குள்ள திணிக்கறது) போட்டில ஜெயிச்ச மனுஷன், 2012-13ல டல்லாஸ் டீமுக்கு 81 மேட்ச் ஆடினாரு. அதுல 3 மேட்ச்தான் ஸ்டார்ட், மீதியெல்லாம் பெஞ்சுல இருந்து. டங்க்கை விட்டுட்டு மூணு பாயிண்டைப் பிடிச்சாரு, 40 சதவீதத்துக்கு மேல போட்டாரு. அதனாலதான் 43 வயசு வரைக்கும், 22 சீசன்.

பென்னாகரம் பார்வர்ட்:
அண்ணே, கடைசி மூணு சீசனைச் சொல்லலையே. சேக்ரமெண்டோ, அட்லாண்டான்னு ரெண்டு டீம்ல ஆடினாரு, ரெண்டும் பிளேஆஃப் (சீசன் முடிஞ்சு பட்டத்துக்கு நடக்கற சுற்று) பக்கமே போகல. அங்க 15 பேர் லிஸ்ட், 82 மேட்ச், ஒரு இடம் குடுத்தா நஷ்டமில்ல. இங்க 12 பேர்தான். சீனியர் ஒருத்தர் உக்காந்தா பிளஸ் டூ பையன் ஒருத்தன் வெளிய நிக்கறான். எனக்கு அந்தப் பையன்தான் முக்கியம்.

ஓசூர் பாயிண்ட்:
இடம் வயசுக்கு இல்ல தம்பி, வேலைக்கு. 2014 பிளேஆஃப், சான் அன்டோனியோவோட மூணாவது மேட்ச். 1.7 செகண்ட் பாக்கி, டல்லாஸ் 106-108. கார்ட்டர் கார்னர்ல பந்தை வாங்கி, ஒரு பம்ப் ஃபேக் (ஷாட் போடற மாதிரி ஏமாத்து), தடுக்க வந்த ஜினோபிலி எகிறினதும் மூணு பாயிண்ட் ஷாட். 109-108.

பென்னாகரம் பார்வர்ட்:
டல்லாஸுக்கு சீரிஸ் 4-3ல போயிடுச்சு, அதையும் சேர்த்து எழுதுங்க.

காவேரிப்பட்டணம் கோச்:
அந்த ஷாட்டை இங்க யாரும் ஒழுங்கா பழகறதில்ல, அதான் என் வருத்தம். கார்னர்ல மூணு பாயிண்ட் கோட்டுக்கும் சைடு லைனுக்கும் நடுவுல 90 சென்டிமீட்டர்தான். பந்து வந்தப்புறம் காலைச் சரி பண்ணினா குதிகால் லைன்ல பட்டு அவுட், இல்ல நுனிக்கால் கோட்டை மிதிச்சு ரெண்டு பாயிண்ட். பாஸ் கிளம்பறதுக்கு முன்னாடியே ரெண்டு காலும் நின்னுடணும். முட்டி மடங்கியே இருக்கணும். கால் சோர்ந்தா பந்து ரிம்மோட முன்பக்கம் தட்டும். உடனே கையால தள்ளுவாங்க, ஷாட் தட்டையாப் போகும். முன்பக்கம் தொடர்ந்து மூணு தட்டினா அன்னைக்குப் பயிற்சியை நிறுத்திடுங்க.

நம்ம சிமெண்ட் கோர்ட் முட்டிச்சில்லுக்குக் கீழ இருக்கற தசைநாணைத்தான் பதம் பாக்கும். குதிக்கற பயிற்சியைக் குறைச்சுட்டு, சுவர்ல முதுகைச் சாய்ச்சு உக்காந்த வாக்குல 45 செகண்ட், அஞ்சு தடவை, நடுவுல 2 நிமிஷம் ஓய்வு. வீக்கம் இருந்தா முதல்ல டாக்டர்.

பென்னாகரம் பார்வர்ட்:
பயிற்சியில எனக்குச் சண்டை இல்லீங்க. சீனியர் எத்தனை நிமிஷம் ஆடணும்னு சொல்லுங்க. ரெண்டாவது, மூணாவது குவார்ட்டர்ல அஞ்சஞ்சு நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம்.

ஓசூர் பாயிண்ட்:
எதிர் டீம் 2-3 ஜோன் (முன்னாடி ரெண்டு பேர், பின்னாடி மூணு பேர் நின்னு இடத்தைக் காக்கறது) போட்டா? அதை உடைக்கற இடமே கார்னர்தான். கடைசி குவார்ட்டர்லயும் அவர் வேணும்.

பென்னாகரம் பார்வர்ட்:
ஜோன் இருக்கற வரைக்கும் சரி. மேன் டு மேனுக்கு (ஆளுக்கு ஆள் காவல்) மாறினா, ஆட்டம் நிக்கற அடுத்த டெட் பால்லயே அவரை வெளிய கூப்பிடணும். 18 வயசுப் பையன் பேஸ்லைன்ல (கூடைக்குப் பின்னாடி இருக்கற கோட்டை ஒட்டி) பந்தோட டிரைவ் அடிச்சா அவரால கூட நகர முடியாது. கையைத்தான் நீட்டுவாரு, ஃபவுல் ஆகும்.