புதுப்பிப்பு: 'தி எக்ஸ்பேன்ஸ்' தப்பிவிட்டது!

'தி எக்ஸ்பேன்ஸ்' என்ற விண்வெளி அறிவியல் புனைகதைத் தொடரை மூன்றாவது பருவத்தோடு நிறுத்துவதாக அமெரிக்காவின் சைஃபை அலைவரிசை 2018 மே 11இல் அறிவித்ததும், கொழும்பில் இருந்து நாங்களும் தொடரைக் காப்பாற்றக் கேட்கும் ரசிகர் மனுவில் கையெழுத்துப் போடுவோம் என்று இங்கே கேட்டிருந்தேன். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை என்று எங்கிருந்தெல்லாமோ போட்ட எல்லோருக்கும் சொல்கிறேன்: நான்காவது பருவத்தை அமேசன் எடுத்துக்கொண்டது! லொஸ் ஏஞ்சலஸ் விண்வெளி மாநாட்டில், நடிகர்கள் இருக்கும்போதே அமேசன் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் அறிவித்துவிட்டார். அங்கே 25ஆம் திகதி இரவு, எங்களுக்கு 26 காலை.

“எங்கட கையெழுத்தை ஆர் பார்க்கப் போகினம் அண்ணா?” என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். மனு ஒரு லட்சத்தைத் தாண்டியது. ரசிகர்கள் காசு சேர்த்து, அமேசன் ஸ்டூடியோவுக்கு மேலே பதாகையோடு விமானமே பறக்கவிட்டார்கள். 1968இல் ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொடருக்கு மூன்றாவது பருவம் கிடைத்ததிலும் ரசிகர் கடிதங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

சைஃபை ஏன் நிறுத்தியது? அவர்களிடம் இருந்தது அமெரிக்காவில் முதல் ஒளிபரப்பு உரிமை மட்டும். ஒளிபரப்பாகும் நேரத்துக்கு ரீவி முன் இருந்து பார்ப்பவர்கள்தான் அவர்களுக்குக் கணக்கு.

எனக்கு இந்தத் தொடர் இவ்வளவு பிடிக்கக் காரணம், கதையில் வரும் சிறுகோள் பட்டை (செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சிறுகோள்கள் சுற்றும் பகுதி) மக்கள். தண்ணீரும் காற்றும்கூட மற்றவர் கையில். ஆனாலும் பல மொழிகள் கலந்து தங்களுக்கென்று ஒரு பேச்சை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். அவர்களின் கதை பாதியில் நிற்பதை என்னால் தாங்கியிருக்க முடியாது.

சரி, இனித்தான் பார்க்கப் போகிறவர்கள் முதல் அத்தியாயத்தில் இருந்தே தொடங்குங்கள். சேர்ந்து கதைப்போம்.