புதுப்பிப்பு: கடைத் தளத்தில் இன்ஸ்டாகிராம் விட்ஜெட்

எங்கள் சுங்குடிச் சேலைக் கடையின் இணையதளத்தில் இன்ஸ்டாகிராம் படங்களைத் தானாகவே காட்டுவது எப்படி என்று இந்த இழையில் முன்பு கேட்டிருந்தேன். இப்போது அது நன்றாக இயங்குகிறது.

தனிநபர் கணக்குகளின் படங்களைப் பிற தளங்களில் காட்டப் பயன்பட்ட ‘பேசிக் டிஸ்ப்ளே ஏபிஐ’ என்ற இணைப்பு வசதி 2024 டிசம்பர் 4 அன்றே நிறுத்தப்பட்டுவிட்டதால், பழைய வழிகாட்டிகள் உதவாது. ஆகவே கடையின் கணக்கை பிசினஸ் கணக்காக மாற்றினோம். அதற்குக் கட்டணம் இல்லை. படங்களை எடுக்க நம் தளத்துக்கு அனுமதி தரும் சாவியான நீண்டகால அணுகல் டோக்கனும் 60 நாட்களில் காலாவதியாகிவிடும் என்பதால், அதை முன்னதாகவே புதுப்பிக்கும் வேலையைச் சர்வரில் தானியங்கியாக்கியிருக்கிறோம்.

வேகம்தான் பெருங்கவலையாக இருந்தது. ஆயத்த விட்ஜெட் (பக்கத்தில் படங்களைக் காட்டும் சிறு நிரல்) ஒன்றை முகப்பின் மேற்பகுதியில் வைத்துப் பார்த்தபோது, அதன் ஜாவாஸ்கிரிப்ட் தாமதமாக இறங்கிப் பக்கத்தைக் கீழே தள்ளியதால், ‘வாட்ஸ்அப்பில் கேளுங்கள்’ பொத்தானைத் தொடப் போனவரின் விரல் ஏதோ ஒரு படத்தின் மேல் பட்டது. வாங்க வருபவருக்கு விலையும் தொடர்பு எண்ணும் முதலில் தெரிய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆகவே ஆறு படங்களை மட்டும் எங்கள் சர்வரிலேயே சேமித்து, அகலத்தையும் உயரத்தையும் முன்கூட்டியே குறித்து, பக்கத்தின் அடியில் வைத்துவிட்டோம். ‘கத்தரிப்பூ நிறச் சுங்குடி, சிவப்புக் கரை’ என்பது போல, படத்தைப் பார்க்க இயலாதவர்களுக்கு அதை விவரிக்கும் மாற்று உரையை மட்டும் ஒவ்வொரு படத்துக்கும் நாங்களே எழுதிச் சேர்க்கிறோம்.