ஆக்டேவியா விஆர்எஸ் 230: ஸ்டேஜ் 2 போட்ட பிறகு 3,500 ஆர்பிஎம்முக்கு மேல் இழுவை இல்லை, உதவி தேவை

கோவை230:
வணக்கம். 2017 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 230 கார், நான் இரண்டாவது ஓனர். 78,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பெரிய டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை போகும் பைப்), இன்டேக், ஸ்டேஜ் 2 மேப் (அதிக சக்திக்காக மாற்றி எழுதிய இன்ஜின் சாஃப்ட்வேர்) போட்டிருக்கிறேன். முதலில் நன்றாகத்தான் பறந்தது. இப்போது மூன்றாவது, நான்காவது கியரில் 3,500 தாண்டி முழுசாக மிதித்தால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறது. செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை. புகை இல்லை, ஐடிலிங் சுத்தம். கோத்தகிரி ஏற்றத்தில் இன்னும் மோசம். எக்ஸ்பி95 பெட்ரோல் மட்டும்தான் போடுகிறேன். டர்போ களைத்துவிட்டது, ஐஎஸ்38 என்ற பெரிய டர்போ மாற்றிவிடலாம் என்கிறார் கடைக்காரர். கூடவே இன்டர்கூலரும் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) போடச் சொல்கிறார். எதை முதலில் வாங்கலாம்?

ஸ்பானர்சாமி:
இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க ப்ரோ. விசிடிஎஸ் அல்லது ஓபிடிலெவன் (கார் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவிகள்) வைத்திருக்கிற நண்பரைப் பிடித்து, ஓடும்போது சென்சார் எண்களைப் பதிகிற ஒரு லாக் எடுங்க. ஆள் இல்லாத நேரான ரோடு, மூன்றாவது கியர் மேனுவல் மோடு, 2,500-லிருந்து 6,000 வரை ஒரே மிதி. ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) கேட்ட பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்), வந்த பூஸ்ட், வேஸ்ட்கேட் (திறந்தால் டர்போவின் உழைப்பைக் குறைக்கும் கதவு) நிலை, நான்கு சிலிண்டருக்கும் இக்னிஷன் (தீப்பொறி விழும் நேரம்) எவ்வளவு பின்னுக்குப் போகிறது, இன்டேக் காற்றின் சூடு, வேகம். இவ்வளவும் வேண்டும். அப்புறம் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து பூஸ்ட் சென்சார் என்ன காட்டுகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்க. கோயம்புத்தூர் உயரத்துக்கு வெளிக்காற்றின் அழுத்தம் 960 மில்லிபார் பக்கம் வர வேண்டும். அதுவே தப்பாக இருந்தால் மற்ற எண் எதையும் நம்ப முடியாது.

ஆக்டேன்ராஜா:
லாக் எல்லாம் எதுக்கு? பெட்ரோல்தான் காரணம். எத்தனால் கலந்ததிலிருந்து எல்லா வண்டியும் இப்படித்தான்.

ஸ்பானர்சாமி:
பெட்ரோல் சரியில்லை என்றால் நாக் சென்சார் இன்ஜின் தட்டுவதைப் பிடித்து இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளும். அது லாக்கில் அப்பட்டமாகத் தெரியும். பார்த்துவிட்டுப் பேசலாம் சார்.

கோவை230:
லாக் எடுத்தாச்சு. சாவி ஆன்: 962. 4,000 ஆர்பிஎம்மில் கேட்டது 2,420 மில்லிபார், வந்தது 2,060. வேஸ்ட்கேட் முழுசாக மூடியே இருக்கிறது. இக்னிஷன் நான்கு சிலிண்டரிலும் ஒன்று, இரண்டு டிகிரிதான் பின்னுக்கு. இன்டேக் சூடு 41-லிருந்து 58 டிகிரி. 6,000 பக்கம் பூஸ்ட் இன்னும் கீழே.

ஸ்பானர்சாமி:
அருமையான லாக். ஈசியு பூஸ்ட் கேட்கிறது, வேஸ்ட்கேட்டை மூடி டர்போவை முழுசாக உழைக்க விடுகிறது, ஆனாலும் காற்று போய்ச் சேரவில்லை. நடுவில் எங்கேயோ ஒழுகுகிறது. கேட்கிற அளவே குறைந்திருந்தால் கதை வேறு: ஈசியு தானாகவே சக்தியைக் குறைக்கிறது, சூடு, டார்க் (சுழற்று விசை) லிமிட் என்று தேட வேண்டும். ஒரே ஒரு சிலிண்டரில் மட்டும் இக்னிஷன் விழுந்திருந்தால் பிளக், காயில் பக்கம் போயிருப்பேன்.

6,000 பக்கம் குறைவதைப் பெரிசாக எடுக்காதீங்க. உங்கள் வண்டியில் இருக்கிற ஐஎஸ்20 சின்ன டர்போ, மேலே போகப் போக மூச்சு வாங்கும். 4,000-ல் வரும் 360 மில்லிபார் பள்ளம்தான் விஷயம். கோத்தகிரியில் மோசம் என்றீர்களே, அதுவும் பொருந்துகிறது. மேலே வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு. அதே பூஸ்டை எட்ட டர்போ கூடுதலாகச் சுற்ற வேண்டும், அதிலும் பாதியை ஓட்டையில் விட்டால் என்ன மிஞ்சும்?

ஸ்மோக் டெஸ்ட் (பைப்புக்குள் புகை விட்டு ஓட்டை தேடுவது) செய்யச் சொல்லுங்க. டர்போ வாயிலிருந்து இன்டர்கூலர், த்ராட்டில் பாடி வரை எல்லா ஜாயின்ட்டும், டர்போ மேல் இருக்கும் டைவர்ட்டர் வால்வும் (மிதியை விட்டதும் மிச்ச பூஸ்டைத் திருப்பிவிடுவது). டவுன்பைப் மாற்றும்போது கை போன இடங்களை முதலில் பார்க்கச் சொல்லுங்க.

டிஎஸ்ஜி_தம்பி:
ஒரு சந்தேகம் அண்ணா, கிளட்ச் ஸ்லிப்பாக இருக்காதா? டிக்யூ250 கியர்பாக்ஸுக்குக் கம்பெனி சொல்வது 350 என்எம் டார்க்தானே, ஸ்டேஜ் 2-ல் 450 பக்கம் போகுமே.

ஸ்பானர்சாமி:
நல்ல கேள்வி. ஸ்லிப் ஆனால் ஆர்பிஎம் ஏறும், வேகம் அதே விகிதத்தில் ஏறாது. கோவை230, உங்கள் லாக்கில் ஒருமுறை பார்த்துவிடுங்க.

கோவை230:
ஆர்பிஎம்மும் வேகமும் சேர்ந்தேதான் ஏறுகிறது.

ஸ்மோக் டெஸ்டும் முடிந்தது. டர்போவிலிருந்து கீழே போகும் பைப்பில் புகை வந்தது. கிளிப் பாதிதான் உட்கார்ந்திருக்கிறது, உள்ளே ஓ-ரிங் நசுங்கி ஒரு பக்கம் கிழிந்திருந்தது. மாற்றியதும் 4,000-ல் 2,390 வருகிறது. ஆள் மாறிவிட்டது வண்டி!

ஆனால் ஒன்று. அடுத்தடுத்து மூன்று முறை மிதித்தால் இன்டேக் சூடு 70-ஐத் தாண்டுகிறது. அப்போது இக்னிஷன் 5 டிகிரி வரை பின்னுக்குப் போகிறது, கேட்கிற பூஸ்டும் இறங்குகிறது.

ஸ்பானர்சாமி:
இப்போது வாங்குங்க இன்டர்கூலரை. நம்ம ஊர் வெயிலில் ஸ்டாக் கூலர் ஒரு மிதிக்குத் தாங்கும், மூன்றுக்குத் தாங்காது. கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டே போகிற ஆசை இருந்தால் கட்டாயம். அதற்கடுத்து டிசியு (கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர்) மேப். கியர்பாக்ஸ் ஆயில், ஃபில்டர் 60,000-க்கு மாற்றினார்களா என்று பழைய பில்லைப் பாருங்க. பில் இல்லையென்றால் மாற்றாததாகவே வைத்துக்கொள்ளுங்க.

ஐஎஸ்38 ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆரில் வந்த டர்போ, நல்ல சாமான்தான். ஆனால் பூஸ்ட் கொஞ்சம் தள்ளி வரும், மேப்பை மறுபடி எழுத வேண்டும், கிளட்ச் செலவும் பின்னாலேயே வரும். முன் சக்கர டிரைவ் வண்டி, இரண்டாவது கியரில் டயர் இப்போதே சுற்றுமே? அந்தக் காசில் நல்ல டயர் போடலாம். ஒழுகுகிற பைப்போடு பெரிய டர்போ போட்டிருந்தால் அதுவும் இப்படித்தான் திணறியிருக்கும்.

கோவை230:
சரிங்க, டர்போ வேண்டாம். பிளக் இடைவெளி எவ்வளவு வைக்கலாம்?

ஸ்பானர்சாமி:
இந்த பூஸ்டுக்கு 0.6-லிருந்து 0.7 மி.மீ. போதும். ஒரு படி கோல்டு பிளக் (சூட்டைச் சீக்கிரம் கடத்துவது) போட்டால் நல்லது. இன்டர்கூலர் மாட்டும்போது பைப்பைக் கழற்றுவார்கள், அந்தக் கிளிப் டிக் என்று உட்கார்ந்ததா என்று கையால் இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்க.